பட்டை உரசிப் பார்க்கிற ஊர்ல, கடாயை யாரும் எட்டிப் பார்க்கிறதில்லை!

1/ காஞ்சிபுரத்துல பட்டு எடுக்க வர்றவங்க ஜரிகையை உரசிப் பார்ப்பாங்க. உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியுதான்னு கவனிப்பாங்க. நூறு கேள்வி கேப்பாங்க. அதே ஆளுங்க பஸ் ஸ்டாண்ட் பக்கம் கால் கிலோ சிப்ஸ் வாங்கும்போது எண்ணெயைப் பத்தி ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. ஏன்? இழை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ முதல்லயே சொல்லிடறேன். "சிப்ஸே தொடாதீங்க"ன்னு சொல்ற டாக்டர் நான் இல்லை. சொன்னாலும் நீங்க கேக்கப் போறதில்லை. எனக்குச் சண்டை ரெண்டு பேரோடதான். ஒரே எண்ணெயை நாள்கணக்கா காய்ச்சுறவங்க ஒண்ணு. "நல்லா செவந்தாதான் ருசி"ன்னு சொல்றவங்க இன்னொண்ணு.

3/ எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினா என்ன ஆகும்? சூடு, காத்துல இருக்கிற ஆக்ஸிஜன், கிழங்குல இருந்து வர்ற தண்ணி மூணும் சேர்ந்து எண்ணெயை உடைச்சுடும். அப்படி உண்டாகிறதைத்தான் போலார் சேர்மங்கள்னு சொல்றோம். இது 25 சதவீதத்தைத் தாண்டின எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாதுன்னு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி, 2018 ஜூலை 1 முதல் அமல்ல இருக்கு. விதி காகிதத்துல. எண்ணெய் கடாயில.

4/ இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஸ்பெயின்ல 2003ல வெளிவந்த ஒரு ஆய்வுல, வீட்டுச் சமையல் எண்ணெயையே எடுத்து சோதிச்சாங்க. போலார் சேர்மங்கள் அதிகமான எண்ணெய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு தெரிஞ்சது. தொடர்புதான், முழு நிரூபணம் இல்லை. ஆனா ஏற்கெனவே பி.பி. மாத்திரை போடுறவங்க இதை வெச்சு விளையாட வேணாம்.

5/ "பழசு குறைஞ்சா புதுசு ஊத்திடுவோம் சார்" என்பார்கள். அடியில கிடக்கிற பழைய எண்ணெய் புது எண்ணெயையும் சேர்த்துக் கெடுக்கும். புளிச்ச மாவுல புது மாவு கலந்தா என்ன ஆகும்னு உங்க வீட்டு அம்மாவைக் கேளுங்க.

6/ அடுத்தது, "நாங்க மரச்செக்கு எண்ணெய்தான் சார்". நல்லது. ஆனா செக்கெண்ணெய்ல வண்டலும் ஈரமும் இருக்கும், சீக்கிரம் புகையும். தாளிக்க, குழம்பு வைக்க அருமை. அதையே பத்து தடவை காய்ச்சினா செக்குங்கிற பேர் உங்களைக் காப்பாத்தாது. சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்ல இதயம் படம் போட்டிருந்தாலும் அதே கதைதான்.

7/ இப்ப அந்த "செவப்பு". 2002ல ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சாங்க: மாவுச்சத்து உள்ள உணவை 120 டிகிரிக்கு மேல பொரிச்சாலோ வறுத்தாலோ அக்ரிலமைடுன்னு ஒரு ரசாயனம் உருவாகுது. கிழங்குல இருக்கிற சர்க்கரையும் அஸ்பராஜின்ங்கிற அமினோ அமிலமும் சேர்ந்து வர்றது. நிறம் கருக்கக் கருக்க இதுவும் ஏறும். சாப்பாடு வழியா மனுஷனுக்குப் புற்றுநோய் வருதுன்னு இன்னும் உறுதியாகலை. ஆனா கருகின சிப்ஸ் கசக்கும்கிறதுக்கு ஆய்வே வேணாம். பொன்னிறம்தான் ருசி, பொன்னிறம்தான் பாதுகாப்பு.

8/ சரி, நல்ல சிப்ஸ் எப்படிப் போடுறது? கிழங்குலயே பாதி வேலை முடிஞ்சிடும். குளிர்பதனக் கிடங்குல கிடந்த கிழங்குல மாவுச்சத்து சர்க்கரையா மாறியிருக்கும். வேக வெச்சா இனிக்கும், பொரிச்சா உள்ளே வேகுறதுக்கு முன்னாடியே கருக்கும். சிம்லா உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998ல குஃப்ரி சிப்சோனான்னு தனி ரகமே வெளியிட்டது இதுக்குத்தான்: சர்க்கரை கம்மி, திடச்சத்து 20 சதவீதத்துக்கு மேல. உங்க மார்க்கெட்ல அது கிடைக்கலைன்னா, கெட்டியான, முளை விடாத, பச்சை நிறம் இல்லாத கிழங்கு எடுங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க.

9/ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துல ஒரே சீரா சீவுங்க. தண்ணி தெளியுற வரைக்கும் ரெண்டு மூணு தடவை அலசுங்க, அரை மணி நேரம் ஊற வைங்க. மேல இருக்கிற மாவும் சர்க்கரையும் போயிடும். அப்புறம் பழைய வேட்டித் துணியில பரப்பி ஈரம் போக ஒத்தி எடுங்க. ஈரத்தோட போட்டா எண்ணெய் பொங்கும், சீக்கிரம் கெடும்.

10/ எண்ணெய் சூடு 170ல இருந்து 175 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையா? ஒரு சீவல் போடுங்க. உள்ளே போய் உடனே நுரைச்சுக்கிட்டு மேல வரணும். புகை வந்தா சூடு அதிகம். கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. மொத்தமா கொட்டினா சூடு இறங்கி சதசதன்னு ஆகிடும். நுரை அடங்கி, சலசலன்னு சத்தம் வந்ததும் எடுத்துடுங்க.

11/ பலருக்குத் தெரியாத விஷயம் இது. சிப்ஸ் எண்ணெயில பெரும்பங்கு, கடாயை விட்டு வெளியே எடுத்து ஆறும்போதுதான் உள்ளே போகுது. உள்ளே இருக்கிற நீராவி குளிர்ந்து, மேல ஒட்டின எண்ணெயை உறிஞ்சிக்கும். அதனால சூடா இருக்கும்போதே அரிகரண்டியில நல்லா உதறி வடிய விடுங்க. உப்பும் காரமும் அப்புறம்தான். உப்புத் தண்ணியை எண்ணெயில தெளிக்காதீங்க.

12/ இவ்வளவு பண்ணாலும் சிப்ஸ் சிப்ஸ்தான். எடையில மூணுல ஒரு பங்கு எண்ணெய். 100 கிராம்னா 500 கலோரிக்கு மேல. நாள் முழுக்கக் குழித்தறியில உக்காந்து வேலை பார்க்கிறவங்களுக்கு அதை எரிக்க வழி கிடையாது. ஒரு கைப்பிடி, எப்பவாவது. தினசரி டீக்குப் பக்கவாத்தியம் வேணாம்.

13/ "எண்ணெய் விக்கிற விலையில தினமும் மாத்த முடியுமா டாக்டர்?" கடைக்காரர் கேக்கிறது நியாயம்தான். பழைய எண்ணெயை பயோடீசலுக்கு வாங்குற ஏற்பாடு 2018ல இருந்து நாட்டுல இருக்கு. அதை நம்ம ஊர்ச் சின்னக் கடை வரைக்கும் கொண்டு வர்றது அதிகாரிகள் வேலை. நல்ல எண்ணெய்க்காகக் கால் கிலோவுக்குப் பத்து ரூபா கூடக் கேட்டா முணுமுணுக்காம குடுக்கிறது நம்ம வேலை. அந்தப் பத்து ரூபாயை மிச்சம் பிடிச்சா, கெட்ட எண்ணெய் போய்ச் சேர்றது பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைங்க வயித்துல.

14/ கருட சேவைக் கூட்டத்துல நின்னாலும் சரி, அடுத்த தடவை வாங்குறதுக்கு முன்னாடி பத்து செகண்ட் கடாயைப் பாருங்க. எண்ணெய் கறுப்பா, பிசுபிசுன்னு, நுரை அடங்காம, சிக்கு வாடையோட இருந்தா வாங்காதீங்க. "எண்ணெய் எப்ப மாத்தினீங்கண்ணே?"ன்னு மரியாதையா கேளுங்க. நாலு பேர் கேட்டா எண்ணெய் தானா மாறும்.