வீட்டில் கற்கும் பிள்ளைக்கு மைதானம் உண்டா?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கல்வி புகட்டும் குடும்பங்கள் பல உள. அப்பிள்ளைகள் அரசுப் பள்ளி அணியில் விளையாடலாமா என்பது அங்கு நெடுநாள் வழக்கு. புளோரிடா மாநிலம் 1996-இல் சட்டமியற்றி இசைவளித்தது. அவ்வாறு ஆடிய டிம் டீபோ, 2007-இல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உயரிய ஹைஸ்மன் விருதை வென்றார். வர்ஜீனியாவிலோ இத்தகைய மசோதாவை ஆளுநர் 2015 முதல் 2017 வரை ஆண்டுதோறும் தடுத்தார்.

மறுப்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. மதிப்பெண் குறைந்தால் பள்ளி மாணவன் அணியில் இடம் இழக்கிறான். வீட்டு மாணவனுக்கோ தாயே ஆசிரியை, தாயே தேர்வாளர். அவனுக்கு இடம் கிடைத்தால், நாள்தோறும் பள்ளிக்கு வரும் ஒருவன் வெளியே நிற்க நேரலாம்.

ஆயினும், பெற்றோரே பிள்ளைகளின் முதன்மை ஆசிரியர் என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அவ்வுரிமையைப் பெற்றோர் கையாண்டதற்காகப் பிள்ளை தண்டிக்கப்படலாகாது. அவர்களும் பள்ளிக்கென வரி செலுத்துவோரே. உரிமை கேட்போர் ஒழுங்கையும் ஏற்கட்டும்: விடைத்தாளை வெளியார் திருத்தட்டும்; பயிற்சிக்கும் தேர்வுக்கும் விதி ஒன்றாக இருக்கட்டும்.

இல்லம் முதற்பள்ளி. ஆனால் தோல்வியைத் தாங்கவும் பிறருக்கு விட்டுக்கொடுக்கவும் பிள்ளை அணியிலன்றோ கற்கிறது! அப்பாடத்தை எப்பிள்ளைக்கும் மறுத்தல் தகாது.