வேலைக்குப் போன இடத்தில் மூன்று நாள் உல்லாசம்: செலவு யார் தலையில்?

ஓர் அதிகாரி. சென்னையில் உத்தியோகம். கம்பெனி அவரைக் கொழும்புக்கு அனுப்புகிறது. திங்கட்கிழமை போகிறார். வியாழக்கிழமை மாலையோடு வேலை முடிந்துவிடுகிறது.

கொழும்பில் இருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம் பறந்தால் மாலத்தீவு. நீலக் கடல், வெள்ளை மணல், தென்னை மரங்கள்.

"இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இன்னும் மூன்று நாள் தங்கிவிட்டுப் போனால் என்ன?" என்று அவருக்குத் தோன்றுகிறது. வீட்டுக்கு டெலிபோன் செய்கிறார். "நீயும் புறப்பட்டு வந்துவிடு" என்று மனைவியிடம் சொல்கிறார்.

இவர் நாம் கற்பனை செய்த மனிதர். ஆனால் இப்படிச் செய்கிறவர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். வேலைப் பயணத்தின் வாலில் உல்லாசப் பயணத்தைக் கட்டிவிடுவது இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. இதில் யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்?

மாசி வந்த நாடு

தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மாலத்தீவு புதிய பெயர் அல்ல. அங்கே சமையலில் சேர்க்கும் மாசிக் கருவாடு மாலத்தீவின் பழைய சரக்கு. சூரை மீனை அவித்து, புகை போட்டு, வெயிலில் காய வைத்தால் மாசி.

அந்த நாட்டில் சுமார் 1,200 தீவுகள் உண்டு. மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில்தான். மொத்த ஜனத்தொகை சுமார் 5 லட்சம்.

1960-களில் ஐக்கிய நாடுகள் சபையின் குழு ஒன்று அங்கே போய்ப் பார்த்தது. "இந்தத் தீவுகள் சுற்றுலாவுக்குத் தோதுப்படாது" என்று சொல்லிவிட்டது. ஆனால் 1972-ம் ஆண்டில் "குரும்பா" என்ற விடுதி திறக்கப்பட்டது. அதில் இருந்தவை 30 அறைகள். நிலைமை அதோடு மாறியது. 2024-ம் ஆண்டில் அந்த நாட்டுக்கு வந்த விருந்தாளிகள் 20 லட்சம் பேருக்கும் மேல். குடிமக்களைப் போல நான்கு மடங்கு!

விருந்தாளிகள் வராவிட்டால் என்ன ஆகும்? அதையும் அந்த நாடு கண்டது. 2020-ம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, மார்ச் கடைசி முதல் ஜூலை நடுப்பகுதி வரை வெளிநாட்டார் வருகை நின்றது. விடுதிகள் வெறிச்சோடின. பிறகு கதவு திறந்ததும் சில விடுதிகள் ஒரு புது யோசனை செய்தன. "கம்ப்யூட்டரைக் கையோடு கொண்டுவாருங்கள். இங்கேயே தங்கி ஆபீஸ் வேலையும் பாருங்கள்" என்று அழைத்தன. வேலையையும் உல்லாசத்தையும் பிரித்த சுவர் அப்போது இன்னும் மெலிந்தது.

கணக்குப் பார்ப்போம்

"டிக்கெட்டுக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டது. மற்றது சில்லறைச் செலவுதானே?" என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

விடுதித் தீவில் அறை வாடகை நாளுக்கு 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவுக்கு 900 டாலர். இதன் மேல் சேவைக் கட்டணம் 100-க்கு 10 வீதம் 90 டாலர். ஆயிற்று 990. இதன் மேல் அரசாங்க வரி. 2025-ம் ஆண்டு ஜூலை முதல் அது 100-க்கு 17. அந்த வகையில் 168 டாலர்.

"பசுமை வரி" என்று இன்னொன்று இருக்கிறது. பெரிய விடுதிகளில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். கணவன், மனைவி இருவருக்கும் மூன்று நாளைக்கு 72 டாலர். ஆக, 900 டாலர் என்று விளம்பரத்தில் பார்த்த அறை 1,230 டாலர் ஆகிவிட்டது!

இதோடு முடியவில்லை. விமான நிலையத்தில் இருந்து தூரத்துத் தீவுக்குப் போக, கடலில் இறங்கும் சிறு விமானம் வேண்டும். போக, வர ஓர் ஆளுக்கு 400 டாலர் என்றால் இருவருக்கும் 800. மொத்தம் 2,030 டாலர். டாலர் 85 ரூபாய் என்று போட்டாலும் 1 லட்சத்து 72 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. சாப்பாடும், கொழும்பில் இருந்து போகும் டிக்கெட்டும், மனைவியின் டிக்கெட்டும் தனி.

இன்னொன்று. அந்தச் சிறு விமானம் இருட்டிய பிறகு பறக்காது. மாலையில் தாமதமாகப் போய் இறங்கினால், தலைநகரம் மாலே பக்கத்தில் ஓர் இரவு தங்க வேண்டியதுதான். மூன்று நாளில் ஒரு நாள் போயிற்று.

ஏன் இவ்வளவு விலை? ஒவ்வொரு விடுதியும் ஒரு தனித் தீவு. கடல் நீரை நல்ல நீராக மாற்ற வேண்டும். எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்க வேண்டும். அரிசி, மாவு, சர்க்கரை எல்லாம் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வர வேண்டும்.

தண்ணீரின் அருமை அந்த மக்களுக்குத் தெரியும். 2014-ம் ஆண்டு டிசம்பரில் மாலேயில் தண்ணீர் நிலையம் தீப்பிடித்தது. நகரமே குடிநீர் இல்லாமல் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது.

இன்னொரு வழி

வெகு காலம் வரை உல்லாசப் பயணிகளுக்குத் தனித் தீவு, ஊர் மக்களுக்குத் தனித் தீவு என்றே இருந்தது. 2010-ம் ஆண்டை ஒட்டி இந்த நிலைமை மாறியது. மாஃபுஷி போன்ற ஊர்த் தீவுகளில் உள்ளூர்க்காரர்களே சிறு விடுதிகள் திறந்தார்கள்.

அங்கே அறை 60 டாலருக்குக் கிடைக்கும் என்று கொண்டால், மூன்று இரவுக்கு வரிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 268 டாலர். சிறு விடுதிகளில் பசுமை வரியும் பாதிதான்: 6 டாலர். விசைப்படகுக்கு இருவருக்கும் 100 டாலர் போடுங்கள். மொத்தம் 31 ஆயிரம் ரூபாய் சொச்சம். கடல் அதே கடல்தான்!

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய விடுதிகளில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தை ஒரு தீவில் விட்டுவிட்டு, வேறு தீவில் தங்கியிருக்கிறார்கள். வங்காளதேசம், இலங்கை, இந்தியாவில் இருந்து போனவர்களும் அவர்களில் ஏராளம். ஊர் விடுதியிலோ, சமைப்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். படகுக்காரர் இரவு தன் வீட்டில் தூங்குவார். நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்தத் தெருவிலேயே தங்கும்.

ஆனால் அது முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். மது கிடையாது. குளியல் உடையோடு தெருவில் நடக்கக் கூடாது. அதற்கென்று ஒதுக்கிய கடற்கரை உண்டு. நம் ஊர்க் கோவில் தெருவில் வெளியூரார் எப்படி நடக்க வேண்டும் என்று நினைப்போமோ, அப்படி நாம் அங்கே நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பல பயணிகள் படகுகள் ஓடாது என்பதையும் ஞாபகம் வைக்க வேண்டும்.

ஆபீசுக்கு மறைக்கலாமா?

கூடாது. வேலை முடிந்த நிமிடத்தோடு கம்பெனிச் செலவு முடிந்தது. மறுநாள் காப்பி உங்கள் காப்பி. டிக்கெட் தேதியை மாற்றும் கட்டணமும் உங்கள் செலவு. விடுதிப் பில்லை ஆபீஸ் கணக்கில் நுழைப்பது, கல்லாவில் கை வைப்பதற்குச் சமம்.

புறப்படும் முன்னால் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கூடுதல் நாட்களுக்கு முறைப்படி லீவு கிடைத்ததா? கம்பெனி எடுத்த இன்சூரன்ஸ் அந்த நாட்களுக்கும் செல்லுமா? கொழும்பு வழியாகத் திரும்பினால், இலங்கை விசா இரண்டாம் முறை நுழைய இடம் கொடுக்குமா? தீவில் காலில் அடிபட்ட பிறகு இன்சூரன்ஸ் காகிதத்தைத் தேடுவதில் பயன் இல்லை.

பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கு வைத்த பணம் மூன்று இரவில் கரைந்துவிடக் கூடாது. வசதிக்குத் தக்கபடி போனால், ஓடி ஓடி உழைத்தவருக்கு அது நல்ல ஓய்வு. வீட்டிலேயே காத்திருந்த மனைவிக்கும் கடலைப் பார்க்க ஒரு சந்தர்ப்பம்.

ஆகவே, அந்த டெலிபோன் வந்ததும் அந்த அம்மாள் இரண்டு கேள்வி கேட்டால் போதும்:-

"லீவு எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? நாம் தங்கப் போவது விடுதித் தீவா, ஊர்த் தீவா?"