காலம் தவறினால் திரும்பாத ஒளி

சில பத்தாண்டுகளுக்கு முன் கண்புரை அறுவை செய்துகொண்ட பெரியவர்களை நம்மில் பலர் கண்டிருப்போம். சோடாபுட்டிக் கண்ணாடி இல்லையெனில், எதிரே நிற்கும் பேரப்பிள்ளையின் முகம்கூட அவர்களுக்குத் தெளிவாகத் தெரியாது. இன்றோ, கண்ணுக்குள் பொருத்தப்படும் சிறு வில்லையுடன் ஓரிரு நாள்களிலேயே வீட்டில் நடமாடுகின்றனர். இம்மாற்றம் தானாக வந்ததன்று.

1976ஆம் ஆண்டு இந்திய அரசு பார்வையின்மைத் தடுப்புக்கெனத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதே ஆண்டில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் வளைந்த விரல்களோடு, மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவினார். வெளிநாட்டிலிருந்து வந்த வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் நிறுவனம் வில்லை தயாரிக்கத் தொடங்கியதும் அவ்விலை பன்மடங்கு குறைந்தது.

2001-02 கணக்கெடுப்பில் 1.1 விழுக்காடாக இருந்த பார்வையின்மை, 2015-19 கணக்கெடுப்பில் 0.36 விழுக்காடானது. இடையே 2017இல் பார்வையின்மைக்கான வரையறை மாற்றப்பட்டதால், இரண்டையும் அப்படியே ஒப்பிடுதல் முறையன்று. எனினும் முன்னேற்றம் மெய்யானதே. கண்ணிமையைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற அளவில் இந்தியா ஒழித்துவிட்டதென 2024இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இனி வரும் அறைகூவல் வேறு வகையானது. கண்புரையால் இழந்த பார்வையைப் பெரும்பாலும் அறுவையால் மீட்கலாம். நீரிழிவால் விழித்திரை சிதைந்தாலோ, கண்நீர் அழுத்தத்தால் பார்வை நரம்பு பட்டுப்போனாலோ, போன பார்வையை மீட்பது அரிது. எஞ்சியதைக் காக்கவே மருத்துவர் முயல்வார். தொடக்கத்தில் வலியும் இராது, மங்கலும் தெரியாது. இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர் என 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இத்தனை பேரின் விழித்திரையையும் சோதிக்கக் கண் மருத்துவர்கள் போதார்.

இங்கேதான் ஆராய்ச்சி கைகொடுக்கிறது. விழித்திரையின் படத்தைப் பார்த்தே நீரிழிவுப் பாதிப்பைக் கணினி கண்டறியும் முறையைக் கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர். அம்முறையை உருவாக்க இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகள் தந்த படங்களும் பயன்பட்டன. ஆயினும் எத்துணை நுட்பமான கருவியும், தன்முன் வந்து அமரும் கண்ணை மட்டுமே சோதிக்கும். வராத கண்ணை அது என்ன செய்யும்?

அந்த வராத கண் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களுடையது. ஆண்களைவிடப் பெண்களிடையே பார்வையின்மை மிகுதி. "மகளின் நிக்காஹ் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று உம்மா ஒத்திப்போடுகிறார், வீட்டிலுள்ளோரும் வற்புறுத்துவதில்லை.

ஆகவே, சர்க்கரை நோயுள்ளவர் ஆண்டுக்கொரு முறை விழித்திரைச் சோதனை செய்துகொள்ளட்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கண்நீர் அழுத்தம் இருப்பின், நாற்பது வயதானவர் அதற்கான சோதனையைத் தவறவிடலாகாது. கண்ணாடிக் கடையில் எழுத்துகளைப் படித்துக் காட்டுவது இவற்றுக்கு ஈடாகாது. மருந்திட்டுக் கண்மணியை விரித்து மருத்துவர் உள்ளே பார்த்தல் வேண்டும். இம்மாதமே உம்மாவை அழைத்துச் செல்லுங்கள். நிக்காஹ் மேடையில் மகளின் முகத்தை அவர் தெளிவாகக் காண வேண்டாமா?