இரண்டு பெயர்களும் ஒரு கல்லறையும்: தோல் வட்டாரத்தில் விசுவாசத்தின் விலை

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றங்கரையில் நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், தலித் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று. பள்ளிச் சான்றிதழிலும் சாதிச் சான்றிதழிலும் மற்றொன்று. உயிரோடு இருக்கும்வரை இரண்டையும் சுமந்து சமாளித்துவிடலாம். சாவு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கல்லறைச் சிலுவையில் எழுதும் பெயர் ஒன்றாகவும், அரசு அலுவலகத்தில் கொடுக்கும் மனுவில் எழுதும் பெயர் வேறாகவும் இருக்கின்றன. எந்த விசுவாசம் அக்குடும்பத்தைத் துயரத்தில் தாங்குகிறதோ, அதையே மறைத்தால்தான் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும் என்ற நிலையை அரசே உருவாக்கி வைத்திருக்கிறது.

அந்த விசுவாசத்தை வெறும் மயக்கம் என்று தள்ளிவிட நாம் ஆயத்தமாக இல்லை. 1853இல் அமைந்த ஆற்காடு மிஷனும், ஆம்பூரில் வேரூன்றிய லுத்தரன் சபையும் சேரிகளுக்குள் வந்தபோது, ஒடுக்கப்பட்டோர் அவற்றிடம் மோட்சத்தை மட்டும் கேட்கவில்லை. எழுத்தைக் கேட்டார்கள், மருத்துவத்தைக் கேட்டார்கள், மனிதராக மதிக்கப்படுவதைக் கேட்டார்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை வேலூரின் அடையாளமாக வளர்ந்தது. தொடத் தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் மீட்க முடியும் என்று பால் பிராண்ட் காட்டியதும் அங்கேதான். தொட மறுக்கும் சமூகத்தில் தொடுவதே ஒரு நற்செய்தியாக இருந்தது.

தோலைத் தொடுபவரைத் தீட்டானவராகக் கருதும் வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. பண்டைய யூத சமூகத்திலும் தோல் பதனிடுவோர் இழிவாகப் பார்க்கப்பட்டனர். ஆயினும் யோப்பா பட்டணத்தில் பேதுரு தங்கியது தோல் பதனிடும் சீமோனின் வீட்டில். எந்த மனிதரையும் தீட்டானவர் என்று சொல்லக் கூடாது என்ற தெளிவு அவருக்குப் பிறந்ததும் அந்த வீட்டில்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. பச்சைத் தோலின் நாற்றம் ஆடையைவிட்டுப் போகாத ஒரு தொழிலாளி ஞாயிறு ஆராதனையில் இதைக் கேட்கும்போது, அது அவருக்கு ஆறுதல் மட்டுமன்று. தன் மதிப்பைப் பற்றிய சாட்சியம்.

ஆனால் ஞானஸ்நானத் தண்ணீரால் சாதி கரைந்துவிட்டதா? சட்டம் கரைந்துவிட்டது என்றே கொள்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர்.

இந்தப் பத்தியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றவர் சூசை. அவர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக வழங்கிய சிறு கடை அவருக்கு மறுக்கப்பட்டது. அதே சாலை, அதே ஊசி, அதே தோல். மதம் மட்டுமே வேறு. 1985இல் வந்த தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது; அதன் கொடுமை புதிய மதச் சூழலிலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிறுவ வேண்டும் என்றது நீதிமன்றம்.

இன்று இந்தக் கேள்வி கடைக்கு மட்டும் உரியதன்று. 1996ஆம் ஆண்டின் வேலூர் குடிமக்கள் நலமன்றத் தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்றும் பதிவு செய்தது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நச்சுச் சேறு யாருடைய மதத்தையும் விசாரிக்கவில்லை.

சட்டம்தான் விசாரிக்கிறது. கழிவுநீர்த் தொட்டியில் இறப்போரின் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாயும், 2023இல் 30 லட்சம் ரூபாயும் இழப்பீடாக வரையறுத்தது. இதற்கு மதம் தடையன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் மதம் பார்த்ததில்லை. ஆனால் பட்டியலினத்தவரைக் கையால் மலம் அள்ளும் வேலையில் ஈடுபடுத்துவதையும், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதையும் தண்டிக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்டவர் கிறித்தவர் என்று தெரிந்தால் கைவிட்டுவிடுகிறது. ஆகவே குடும்பங்கள் இரண்டு பெயர்களோடு வாழ்கின்றன.

2024 நவம்பர் 26 அன்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த நெருக்கடியை மேலும் இறுக்கியது. குழந்தைப் பருவத்தில் அவர் பெற்ற ஞானஸ்நானமும் தேவாலய வழிபாடும் அவருக்கு எதிராகக் கொள்ளப்பட்டன. உண்மையான நம்பிக்கையின்றி, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதமாற்றம் கோருவது அரசமைப்பின் மீதான மோசடி என்றது நீதிமன்றம். ஒருபுறம், சபைக்குள் சாதிக் கொடுமைக்குச் சான்று கேட்கிறது சூசை தீர்ப்பு. மறுபுறம், சபைப் பதிவேட்டைக் காட்டினாலே இருக்கும் உரிமையும் பறிபோகும் என்ற அச்சம். சான்று சொல்ல வேண்டியவர்களின் வாய் இப்படித்தான் அடைக்கப்படுகிறது.

இதில் திருச்சபைகளுக்கும் பங்கு உண்டு. தனிக் கல்லறைகளும் சாதி பார்த்து நடக்கும் மண ஏற்பாடுகளும் தேர்தல் அணிகளும் தமிழகத் திருச்சபைகளில் இருப்பதை நாம் அறிவோம். சபையின் பெயர் கெடும் என்று அவற்றை மூடி மறைப்பது விசுவாசமன்று. துக்க வீட்டில் தேவசித்தம் என்று ஜெபித்துவிட்டு, தொட்டிக்குள் ஆளை இறக்கியவர் யார் என்று கேட்காமல் திரும்பும் போதகர், தன் மந்தைக்கு அரை ஆறுதலையே தருகிறார். சிலுவைக் கதையில்கூட அந்தச் சாவுக்குத் தீர்ப்பளித்த ஆளுநரின் பெயர் மறைக்கப்படவில்லை. விசுவாச அறிக்கையில் அது இன்றும் ஒவ்வொரு வாரமும் சொல்லப்படுகிறது.

இரங்கநாத் மிசுரா ஆணையம் 2007இல் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2022இல் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம், இரண்டாண்டுக் காலவரையறைக்குப் பின் நீட்டிப்புப் பெற்றது. அறிக்கைக்காகக் காத்திருப்பதோடு நம் கடமை முடிவதில்லை. சபைக்குள்ளும் தொழிற்சாலைக்குள்ளும் தொடரும் சாதிக் கொடுமையை, தனிமனிதரின் பெயர் வெளிப்படாத வகையில், திருச்சபைகளும் மாணவர்களும் ஆவணப்படுத்த வேண்டும். மதம் கேட்காத சட்டங்களின் கீழ் கிடைக்கக்கூடிய இழப்பீட்டை ஒரு குடும்பமும் இழக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோல் வட்டாரத்தின் கிறித்தவ நம்பிக்கை இழப்பின் நடுவே பிறந்தது. அதை அரசு கொடுக்கவில்லை. அந்த நம்பிக்கைக்கு அபராதம் விதிக்காமல் இருக்கவே அரசிடம் கேட்கிறோம். ஒரு தொழிலாளியின் கல்லறையிலும் அவருடைய குடும்பத்தின் மனுவிலும் ஒரே பெயரை எழுத முடியும் நாளில்தான், அரசமைப்பு உறுதியளித்த மதச் சுதந்திரம் இந்த வட்டாரத்துக்கு வந்து சேர்ந்ததாகக் கொள்ளலாம்.