விவாகமஞ்சத்தைக் குறித்த நம் மௌனம்



திருமணமாகி ஆண்டுகள் கடந்தும் கணவனும் மனைவியுமாய் இணைய இயலாத தம்பதியர் நம் சபைகளிலும் உண்டு. ஆராதனை முடிந்து வெளிவரும் அவர்களிடம் நாம் கேட்பதோ, “இன்னும் விசேஷம் ஒன்றுமில்லையா?” என்பதே.

குறை அவர்களுடைய விசுவாசத்தில் இல்லை. அச்சத்தினால் சில பெண்களுக்கு இடுப்புத்தளத் தசைகள் அவர்கள் சித்தத்தையும் மீறி இறுகிக்கொள்ளுகின்றன. மருத்துவர் இதனை ‘வஜைனிஸ்மஸ்’ என்பர். ஆண்களிலோ, முதலிரவிலேயே தன்னை நிரூபிக்கவேண்டும் என்னும் பதற்றமே பலருக்குத் தடையாகிறது. நீரிழிவும், உட்கொள்ளும் மருந்துகளும்கூடக் காரணமாகலாம்.

அந்த அச்சத்தை விதைத்தவர்கள் யார்? நாமே. பிள்ளைப்பருவம் முதல் உடலைப் பாவத்தோடு மட்டும் இணைத்துப் போதித்தோம். பின்பு அதிகம் பழகியிராத இருவரை ஒரே இரவில் ஓர் அறைக்குள் அனுப்பினோம். ஆதியாகமம் 2:25 முதல் தம்பதியரின் வெட்கமின்மையைச் சொல்லுகிறது; எபிரெயர் 13:4 விவாகமஞ்சத்தைக் கனப்படுத்துகிறது. வேதம் கூசாமல் பேசுவதைத் திருமண ஆலோசனையில் பேச நாம் ஏன் கூசுகிறோம்?

சிலர் 1 கொரிந்தியர் 7:3-ஐக் காட்டி மனைவியை நெருக்குகிறார்கள். இருவரின் சம்மதத்தைப் பேசும் 5-ஆம் வசனத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள்? பலவந்தம் அச்சத்தைப் பெருக்குமேயன்றித் தீர்க்காது.

வேறு சிலர் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம், 2001-இல் திருத்தப்பட்டபின், வேண்டுமென்றே இணைய மறுப்பதை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்கிறது. ஆனால் மறுப்பது வேறு, இயலாதிருப்பது வேறு. இயலாதவளை ‘மறுத்தவள்’ என்று நீதிமன்றத்தில் நிறுத்துவது பொய்ச்சாட்சி அல்லவா?

இது சிகிச்சையால் தீரக்கூடிய துன்பம். தம்பதியர் இருவரையும் சேர்த்தே நடத்தவேண்டும் என்று மாஸ்டர்ஸ், ஜான்சன் என்னும் ஆய்வாளர்கள் 1970-இலேயே எழுதினார்கள். இணையும் முயற்சியைச் சிலகாலம் நிறுத்தி, அச்சமின்றித் தொட்டுப் பழகுவதே அவர்கள் காட்டிய முதற்படி. பெண்ணுக்குத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும், சிறிதிலிருந்து பெரிதாகப் படிப்படியாய்ப் பயன்படுத்தும் ‘டைலேட்டர்’ கருவிகளும் உதவும். ஆணுக்கு உடற்பரிசோதனையும், தேவையானால் மருத்துவர் தரும் மாத்திரையும் உண்டு.

“ஜெபம் போதாதா?” என்பீர்கள். தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குப் பவுல் உட்கொள்ளவேண்டியதையும் சொன்னார், லூக்காவோ வைத்தியர். ஆகவே ஜெபியுங்கள், ஜெபித்து, இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுங்கள். மாமியாரே, மூப்பரே, போதகரே, நம் கேள்விகளை நிறுத்துவோம். கற்பிக்கவேண்டியதைத் திருமணத்திற்கு முன்பே கற்பிப்போம்.

கர்த்தர் தாமே நம் இல்லங்களிலிருந்து அச்சத்தை அகற்றுவாராக. ஆமென்.