வெளிச்சத்தை அளக்காமல் பவளம் வளர்க்கலாமா?

நாஞ்சில் நாட்டு விவசாயி ஒருவரிடம் போய், தென்னந்தோப்பு நிழலில் நெல் நடச் சொல்லிப் பாருங்கள். சிரித்துவிடுவார். நெல்லுக்கு வெயில் வேண்டும், வெற்றிலைக் கொடிக்கு அகத்தி நிழல் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்தச் சின்ன விஷயத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். விலை கூடிய விளக்கு ஒன்றை மாட்டிவிட்டால், பவளத்தை எந்த மூலையில் வைத்தாலும் வளர்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு!

பவளம் செடி அல்ல, பிராணி. ஆனால் அதன் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து சமைக்கிற உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. வெளிச்சம் குறைந்தால் பட்டினி. தண்ணீர் சூடாக இருக்கும்போது வெளிச்சமும் கூடினால், பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துப்போகும். வெளுப்பு நீடித்தால் சாவுதான்.

கண்ணால் பார்த்தாலே தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. மனிதக் கண்ணுக்குப் பச்சை நிறம்தான் அதிகப் பிரகாசமாகத் தெரியும். லக்ஸ் மீட்டரும் அந்தக் கண்ணை வைத்தே கணக்கிடுகிறது. பாசிகளோ நீல ஒளியை விரும்பி எடுத்துக்கொள்கின்றன. அதனால் நீல விளக்குக்கு லக்ஸ் குறைவாகக் காட்டும், ஆனால் பாசிக்கு அது விருந்து. அளக்க வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை. ஆங்கிலச் சுருக்கத்தில் அதற்குப் பெயர் 'பார்'. (பெயர்தான் பார், ஆனால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது!)

உச்சிவெயிலில் இந்த அளவு ஏறக்குறைய 2000 மைக்ரோமோல். தொட்டியில் மென்பவளங்களுக்கு 50 முதல் 150 போதும், கிளைவிடும் அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரை வேண்டும் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். ஒரே விளக்கின் கீழ் மேல்கல்லில் ஓர் அளவு, மணல்தரையில் வேறோர் அளவு. எனவே சென்சாரைத் தண்ணீருக்குள் இறக்கி, ஒவ்வொரு கல்லிலும் அளந்து குறித்துக்கொண்ட பிறகே இடம் முடிவு செய்ய வேண்டும். புதுப் பவளத்தை முதலில் கீழே வைத்து, சில வாரங்களில் மெல்ல மேலே ஏற்ற வேண்டும்.

சரி, மீட்டர் வாங்கிவிட்டால் நாகர்கோவிலில் வீட்டுக்கு வீடு பவளத் தொட்டி வைத்துவிடலாமா? கூடாது. கல்பவளங்கள் அனைத்தும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் கடலில் உடைத்து எடுத்த துண்டை விற்பதும் வாங்குவதும் குற்றம். அலங்காரத்துக்கு ஆசை என்றால், விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிய கோமாளி மீன் போன்ற வளர்ப்பு மீன்கள் இருக்கின்றன. அவற்றுக்காகக் கடலில் யாரும் எதையும் உடைக்க வேண்டியதில்லை.

அந்த மீட்டருக்கு உண்மையான வேலை கடலில்தான். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்ததில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் மூழ்கிப்போயின. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளை மறுநடவு செய்துவருகிறது. அங்கும் கேள்வி அதேதான்: எந்த ஆழத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் நடுவது? ஆறு கொண்டுவரும் வண்டலும் கரையிலிருந்து கலக்கும் கழிவும் தண்ணீரைக் கலக்கினால், நட்ட பவளம் இருட்டில் கிடக்கும்.

மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 1865-ல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். தண்ணீரின் தெளிவை அறிய இன்றும் அந்த முறை போதும். முட்டத்திலும் குளச்சலிலும் கடலுக்குப் போகிறவர்களின் உதவியோடு, நம் மாவட்டக் கல்லூரிகள் மாதம் ஒருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், இதை அளந்து எழுதி வைக்கலாம். செலவு ஒரு தட்டும் ஒரு கயிறும்தான்.

பத்து வருடம் எழுதி வைத்தால், நம் கடல் தெளிகிறதா, கலங்குகிறதா என்று அந்த நோட்டுப் புத்தகமே சொல்லும். வரவேற்பறையில் ஒரு பவளத் துண்டு வைத்திருப்பதைவிட, அப்படி ஒரு நோட்டு வைத்திருப்பதுதான் பெருமை.