ரொட்டி இளைச்சா யாருக்குத் தெரியணும்?

போன வாரம் பிரட் பாக்கெட்டைத் தூக்கினப்போ கைக்கு ஏதோ குறையுற மாதிரி இருந்துச்சு. கண்ணாடியை மாட்டிப் பார்த்தா, 400 கிராம் இருந்த இடத்துல 350. விலை மட்டும் அப்படியே. கடைக்காரரைக் கேட்டா, "கோதுமை ஏறிடுச்சே சார், காலங்காலமா நடக்கறதுதானே" என்கிறார்.

நடந்ததுதான். எப்படி நடந்ததுன்னு சொல்றேன், கேளுங்க.

இங்கிலாந்துல மூன்றாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒண்ணு, 'அசைஸ் ஆஃப் பிரட் அண்ட் ஏல்'. வருஷம் 1266ன்னு பொதுவா சொல்வாங்க. ஃபார்திங் (கால் பென்னி) ரொட்டி என்னைக்கும் ஒரு ஃபார்திங்தான். மாறுறது எடை. ஒரு குவார்ட்டர் கோதுமை 12 பென்னி வித்தா, நல்ல வெள்ளை ரொட்டி 136 ஷில்லிங் எடை இருக்கணும் (வெள்ளிக்காசை வெச்சு எடை சொன்ன காலம். நம்ம கணக்குல 2 கிலோவுக்கு மேல!). கோதுமை 24 பென்னி ஆனா, 68 ஷில்லிங் எடை போதும்.

ஆக, அன்னைக்கும் ரொட்டி இளைச்சுது. ஆனா எவ்வளவு இளைக்கலாம்னு முடிவு பண்ணினது ரொட்டி சுடுறவர் இல்லை. அவர் லாபமும் கணக்குல உண்டு: குவார்ட்டருக்கு 4 பென்னி, கூடவே தவிடும் ரெண்டு ரொட்டியும். முக்கியமா, கோதுமை இறங்கினா ரொட்டி மறுபடி பெருத்தே ஆகணும். நம்ம 350 திரும்பி 400 ஆனதை யாராவது பாத்திருக்கீங்களா?

எடை குறைச்சவருக்கு அபராதம், ரொம்பக் குறைச்சா கழுத்துக்கட்டை. லண்டன்ல அந்தக் குறை ரொட்டியையே கழுத்துல கட்டித் தெருத்தெருவா இழுத்துட்டுப் போனாங்க. அது பொற்காலம்னு நான் சொல்ல வரலை. அந்தச் சட்டம் லண்டன்ல 1815லயும், மத்த ஊர்கள்ல 1836லயும் போயிடுச்சு.

நம்ம நாட்டுலயும் பாக்கெட் பிரட் 100 கிராம் மடங்குலதான் வரணும்னு விதி இருந்துச்சு. 2021 நவம்பர்ல வந்த திருத்தம் அதை எடுத்துடுச்சு. "அதுக்குப் பதிலாத்தான் கிராமுக்கு இவ்வளவுன்னு விலை போடச் சொல்லியிருக்கே" என்பீங்க. சரி சாமி, போன மாசம் கிராமுக்கு எத்தனை பைசா? ஞாபகம் இருக்கா? எனக்கு இல்லை. எடை 100 மடங்கா இருந்தவரைக்கும் ஞாபகமே தேவைப்படலையே!

எடையைக் குறைக்கிறவங்க 'முன்பு 400, இப்போது 350'ன்னு பிராண்ட் பேர் அளவுக்குப் பெரிய எழுத்துல போடட்டும். யார் கழுத்துலயும் கட்டச் சொல்லலை, கவர் மேல எழுதத்தானே சொல்றேன்?